எட்டுப் பேர் சேர்ந்து பாடினால் எத்தனை சேனல்? நெல்லைச் சீமையில் வீட்டு ஒலிப்பதிவு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒலிப்பதிவு தொடங்குகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். ஒவ்வொருவராகப் பதிவு செய்து, பிறகு கணினியில் சேர்த்துக்கொள்ளலாம்." கிட்டார் வாசித்துக்கொண்டே தனியாகப் பாடுகிறவருக்கு அது சரியான அறிவுரை. வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் நையாண்டி மேளத்தையும் பதிவு செய்ய நினைக்கிறவருக்கு அது உதவாது.

காரணம் அந்த இசையின் அமைப்பிலேயே இருக்கிறது. வில்லுப்பாட்டில் குழுவை நடத்தும் அண்ணாவி ஓர் அடியைப் பாடி முடிக்கும் முன்பே பின்பாட்டுக்காரர் அதன் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்வார். குடம் தட்டுகிறவரின் கண், வில்லின் நாணைத் தட்டும் அண்ணாவியின் வீசுகோலை விட்டு அகலாது. கதை சூடு பிடிக்கும்போது வேகம் ஏறுவதை யாரும் எண்ணிக் கணக்கிட்டுச் செய்வதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தே செய்கிறார்கள். இவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கணினியின் தாளத்துக்குப் பாடச் சொன்னால் சொற்களும் மெட்டும் கிடைக்கும். அந்த ஓட்டம் கிடைக்காது. எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒவ்வொருவர் ஒலியும் தனித்தனி டிராக்கில் பதிய வேண்டும். பல ஒலிவழிகள் கொண்ட மல்டிசேனல் இன்டர்ஃபேஸ் தேவைப்படுவது இதற்காகத்தான். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று, முதன்முறையாக வாங்குகிறவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ன செய்கிறது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மைக்கிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னலையை ப்ரீஆம்ப் பெரிதாக்குகிறது. அதை டிஜிட்டல் எண்களாக மாற்றி யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்புகிறது. திரும்பி வருவதை மீண்டும் ஒலியாக்கி ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் தருகிறது. இனி தேர்வுக்கு வருவோம்.

முதலில் தாளை எடுங்கள்

கடைக்குப் போகும் முன்பு, ஒரே நேரத்தில் ஒலிக்கப்போகும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை பேர் என்று எழுதினால் போதாது. எத்தனை மைக் என்று எழுத வேண்டும். இரண்டும் வேறு.

வில்லுப்பாட்டுக் குழுவையே எடுத்துக்கொள்வோம். அண்ணாவிக்கு ஒரு மைக். பின்பாட்டுக்கு இருவர் இருந்தால் இரண்டு மைக். இருவரும் நெருங்கி உட்கார்ந்தால் ஒன்றிலேயே சமாளிக்கலாம். குடத்துக்கு ஒன்று. குடம் தருவது இரண்டு ஒலிகள்: வாயில் தட்டும்போது அடிவயிற்றிலிருந்து வரும் கும்மென்ற ஓசை, பக்கவாட்டில் தட்டும்போது வரும் கூர்மையான ஓசை. மைக்கைக் குடத்தின் வாய்க்கு நேராக வைத்தால் ஒவ்வொரு தட்டுக்கும் வெளியேறும் காற்று மைக்கில் மோதி 'புப்' என்று கெடுக்கும். வாயின் விளிம்புக்கு ஒரு சாண் மேலே, சற்றுச் சாய்த்து, பக்கவாட்டைப் பார்த்தபடி வைத்தால் இரண்டு ஒலியும் ஒரே மைக்கில் அளவாக விழும். ஆகவே குடத்துக்கு ஒரு சேனல் போதும்.

வில்லுக்குத் தனி மைக் வேண்டுமா என்பது எப்போதும் எழும் கேள்வி. வில் அண்ணாவியின் முன்னால்தான் இருக்கிறது. வீசுகோல் விழும் ஒவ்வொரு முறையும் வில்லில் கட்டிய மணிகளின் சத்தம் அவருடைய பாட்டு மைக்கிலும் விழும். ஆனாலும் வில்லின் ஒரு முனைப் பக்கம், இரண்டு மூன்று அடி தள்ளி, மெல்லிய ஒலியையும் பிடிக்கும் ஒரு கன்டென்சர் மைக் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். மணிகளின் மெல்லிய கலகலப்பு அண்ணாவியின் மைக்கில் மழுங்கித்தான் விழும். மணி ஒலி தெளிவாகக் கேட்காத வில்லுப்பாட்டுப் பதிவு உயிரில்லாமல் இருக்கும்.

உடுக்குக்கு ஒன்று. ஆர்மோனியம் இருந்தால் ஒன்று. தபேலாவோ டோலக்கோ இருந்தால் ஒன்றோ இரண்டோ. தாளத்துக்கு மைக்கே வேண்டாம். ஜால்ரா எங்கே அடித்தாலும் எல்லா மைக்கிலும் புகுந்துவிடும். கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஏழு அல்லது எட்டு வருகிறது.

கணியான் கூத்துக்குக் கணக்கு சிறியது. அண்ணாவி, பின்பாட்டு, உச்ச மகுடம், மந்த மகுடம் என்னும் இரண்டு தோல் கருவிகள் ஆகியவற்றுக்கு நான்கு. ஆடுகிறவர்களின் சலங்கைக்குத் தரையை ஒட்டி ஒன்று. நையாண்டி மேளம் பெரியது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை என்று வைத்தால் கருவிக்கு ஒரு மைக் வீதம் ஐந்து. தவிலின் இரு முகங்களான வலந்தலையையும் தொப்பியையும் தனித்தனியாகப் பிடிக்க விரும்பினால் ஏழு. பாளையங்கோட்டைத் தேவாலயப் பாடகர் குழு போன்ற ஒன்றைப் பதிவு செய்வதானால் நான்கு குரல் பிரிவுக்கு நான்கு மைக், கீபோர்டுக்கு இரண்டு லைன் இன்புட்.

இந்தக் கணக்கில் வந்த எண்ணோடு, முடிந்தால், இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். அறை முழுவதன் ஒலியையும் பிடிக்க இரண்டு மைக் தள்ளி வைக்கிற ஆசை எல்லாருக்கும் வரும், வர வேண்டும்.

பெட்டியின் மேலுள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்

புதியவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெட்டியில் 18 இன்புட் என்று போட்டிருக்கும். பதினெட்டு மைக் செருகலாம் என்று நினைத்து வாங்குவார்கள். உண்மையில் அந்தப் பதினெட்டு மூன்று வகையான வாசல்களைக் கூட்டி வருவது: மைக்கைச் செருகும் எக்ஸ்எல்ஆர் வாசல், கீபோர்டு போன்றவற்றைச் செருகும் லைன் வாசல், வேறொரு டிஜிட்டல் கருவியை இணைக்கும் வாசல்.

ஓர் எடுத்துக்காட்டு. ஃபோக்கஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் 18ஐ20, ஸ்கார்லெட் 18ஐ8 ஆகிய இரண்டின் மூன்றாம் தலைமுறைக் கருவிகளிலும் முன்னால் நிற்கும் 18 ஒன்றுதான். ஆனால் 18ஐ20-இல் மைக் ப்ரீஆம்ப் எட்டு, 18ஐ8-இல் நான்குதான். மீதியை லைன் வாசல்களும் டிஜிட்டல் வாசல்களும் நிரப்புகின்றன. மோட்டு எம்4 நல்ல கருவி; நான்கு இன்புட் உண்டு, ஆனால் மைக் ப்ரீஆம்ப் இரண்டே. டாஸ்காம் யுஎஸ்-16×08 பதினாறு இன்புட் தருகிறது. அதில் எட்டு மைக்குக்கு, எட்டு லைனுக்கு.

ஆகவே விவரக் குறிப்பில் தேட வேண்டிய வரி ஒன்றே: மைக் ப்ரீஆம்ப் எத்தனை? உங்கள் தாளில் எழுதிய மைக் எண்ணிக்கை அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்கும்போதும் "எத்தனை சேனல்?" என்று கேட்காதீர்கள், "எத்தனை மைக்கை ஒரே நேரத்தில் செருகித் தனித்தனி டிராக்காகப் பதியலாம்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாத கடையில் வாங்க வேண்டாம்.

மிக்சர் இருக்கிறதே, அது போதாதா?

ஊரில் மைக் செட் வைத்திருப்பவர்களிடம் யுஎஸ்பி வாசல் உள்ள மிக்சர் இருக்கும். அதையே கணினியில் செருகினால் என்ன என்று கேட்பது நியாயம்தான். பெரும்பாலான மிக்சர்கள் யுஎஸ்பி வழியாக அனுப்புவது இரண்டே சேனலை: எல்லாவற்றையும் கலந்த இடதும் வலதும். யமஹா எம்ஜி10எக்ஸ்யு பரவலாக விற்கும் நல்ல மிக்சர். அதன் யுஎஸ்பி இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. எத்தனை சேனலில் மைக் செருகினாலும் கணினிக்குப் போவது கலந்த ஒலிதான். கலந்த பிறகு குடத்தை மட்டும் குறைக்க முடியாது, அண்ணாவியின் குரலை மட்டும் தூக்க முடியாது.

விதிவிலக்குகள் உண்டு. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே போன்றவை ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகக் கணினிக்கு அனுப்புபவை. மேடை நிகழ்ச்சியும் நடத்துகிறவர், பதிவும் செய்கிறவர் என்றால் அப்படிப்பட்ட மிக்சரைப் பரிசீலிக்கலாம். பழைய மிக்சரை வைத்துக்கொண்டு மல்டிடிராக் கனவு காண வேண்டாம்.

நான்கில் தொடங்குவதா, எட்டில் தொடங்குவதா?

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: இந்தப் பகுதியின் குழு இசைதான் உங்கள் நோக்கம் என்றால் எட்டு ப்ரீஆம்ப் உள்ளதை வாங்குங்கள். நான்கு சேனல் கருவியை வாங்கியவர் அடுத்த கோயில் கொடைக் காலத்துக்குள் எட்டைத் தேடுவார். "இன்னொரு நான்கு சேனலை வாங்கி இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமே" என்று தோன்றும். ஆனால் விண்டோஸ் கணினியில் ஒலிப்பதிவு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓர் ஆஸியோ டிரைவரைத்தான் (கருவியைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள்) வழக்கமாகப் பயன்படுத்தும். மேக் கணினியில் இரண்டைச் சேர்க்க வழி உண்டு. ஆனால் இரண்டு கருவிகளின் உள்கடிகாரமும் நூலிழை வேறுபடும் என்பதால், அவற்றை ஒத்திசைக்காவிட்டால் நீண்ட பதிவில் ஒரு கருவியின் டிராக்குகள் மற்றதைவிட்டு மெல்ல நழுவும். இரவு முழுவதும் நடக்கும் கதைப்பாடலில் அது பெரிய தொல்லை.

பிற்காலத்தில் விரிவாக்க விரும்புகிறவர் பார்க்க வேண்டியது ஏடாட் என்னும் ஒளியிழை வாசல். சின்னச் சதுர வடிவில், மூடியோடு இருக்கும். அதன் வழியாக எட்டுச் சேனல் ப்ரீஆம்ப் ஒன்றை இணைத்தால் பதினாறு மைக் கிடைக்கும். பெரிங்கர் ஏடிஏ8200 இந்த வேலைக்காகவே வந்தது. நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதைக் குறிக்கும் எண் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸாக இருந்தால் மட்டுமே ஓர் ஒளியிழையில் எட்டுச் சேனல் போகும். 96-க்குப் போனால் நான்காகிவிடும். அடுத்தது, இரண்டு கருவிகளில் ஒன்றைக் கடிகாரத் தலைமையாகவும் மற்றதை அதைப் பின்பற்றுவதாகவும் அமைக்க வேண்டும்; மறந்தால் பதிவு முழுவதும் 'டிக் டிக்' என்று கேட்கும்.

பாடகர் குழுவுக்கோ, கணியான் கூத்துக்கோ மட்டும் என்றால், கீபோர்டு, சலங்கை, அறை ஒலி ஆகியவற்றுக்குத் தனி வாசல் இல்லாமல் சமாளிக்க முடிந்தால், நான்கு ப்ரீஆம்பில் தொடங்குவதில் தவறில்லை. பெரிங்கர் யுஎம்சி404எச்டி குறைந்த விலையில் உண்மையாகவே நான்கு மைக் தரும் கருவி. எட்டுக்கு அதே நிறுவனத்தின் யுஎம்சி1820 சிக்கனமான தேர்வு. கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஸ்கார்லெட் 18ஐ20. மூன்றையும் விலை வரிசையில்தான் சொல்லியிருக்கிறேன். டாலர் மதிப்போடு விலை மாறுவதால் ரூபாயில் எழுதவில்லை.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்டர்ஃபேஸுக்கு மட்டும் பணம் சேர்த்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். எட்டுச் சேனல் என்றால் எட்டு மைக், எட்டு ஸ்டாண்டு, எட்டு எக்ஸ்எல்ஆர் கேபிள். இவற்றின் மொத்த விலை பல நேரம் இன்டர்ஃபேஸின் விலையைத் தாண்டும்.

தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் தாங்குமா?

இணையத்தில் இன்டர்ஃபேஸ் பற்றிப் பேசுகிறவர்கள் ப்ரீஆம்ப் எவ்வளவு அமைதியானது, இரைச்சல் எவ்வளவு குறைவு என்றே பேசுவார்கள். முணுமுணுத்துப் பாடுகிறவருக்கு அது முக்கியம். நமக்கு இருப்பது நேர்எதிரான சிக்கல். அருகில் வைத்த மைக்கில் தவில் அடியும் மகுட அடியும் விழும்போது ப்ரீஆம்பைத் திறக்காமலேயே சிவப்பு விளக்கு எரியும். ஒருமுறை உடைந்து பதிந்த ஒலியை எந்த மென்பொருளாலும் சரியாக மீட்க முடியாது.

இதற்கு மூன்று வழிகள். கருவியில் பேட் என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஒலியை 10 அல்லது 20 டெசிபல் குறைத்து உள்ளே விடும். பேட் இல்லாத கருவி என்றால், ப்ரீஆம்பை முழுவதும் குறைத்த நிலையில் அது எவ்வளவு பலமான மைக் ஒலியைத் தாங்கும் என்ற எண் விவரக் குறிப்பில் இருக்கும். ஒப்பிடும்போது அந்த எண் அதிகமாக உள்ளதை எடுங்கள்.

மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை: மைக்கை மாற்றுவது. ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக், 1 பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட் தருகிறது. ஸ்டுடியோ கன்டென்சர்கள் பலவும் அதே அழுத்தத்துக்கு 10 முதல் 20 மில்லிவோல்ட் வரை தருகின்றன. பத்து மடங்கு என்பது 20 டெசிபல். தவிலுக்கும் மகுடத்துக்கும் பம்பைக்கும் டைனமிக் மைக்கையே வைத்துவிட்டு, கன்டென்சர்களை வில்லுக்கும் அறை ஒலிக்கும் ஒதுக்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நாதஸ்வரத்தில் மைக்கை அணசுக்கு (அடியில் விரிந்திருக்கும் வாய்க்கு) நேராக நீட்டாமல், துளைகளின் பக்கமாக மூன்று நான்கு அடி தள்ளி வைத்துப் பாருங்கள். விரலின் அசைவுகளும் கமகங்களும் அங்கேதான் முழுமையாகக் கேட்கும்.

கன்டென்சர் மைக்குக்கு, கருவியிலிருந்து மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் தேவை. பல கருவிகளில் அது நான்கு நான்கு சேனலாக ஒரே பொத்தானில் இருக்கும். சாதாரண டைனமிக் மைக்குக்கு அதனால் கேடில்லை. பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் மட்டும் அந்தத் தொகுப்பில் அதைச் செருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணினி: எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

"யுஎஸ்பி 2.0 தான் இருக்கிறது, எட்டுச் சேனலைத் தாங்குமா?" என்று பலர் தயங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 11.5 லட்சம் பிட். எட்டுக்கு ஏறத்தாழ 92 லட்சம். யுஎஸ்பி 2.0-இன் பெயரளவு வேகம் நொடிக்கு 48 கோடி பிட். ஆகவே வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். யுஎஸ்பி 2.0 வாசலால் போதுமான அளவு தர முடியாதது மின்சாரம்: அது தருவது 2.5 வாட்தான். எட்டு ப்ரீஆம்பும் ஃபாண்டம் பவரும் அதில் ஓடாது. எட்டுச் சேனல் கருவிகள் தனி அடாப்டரோடோ மின் கம்பியோடோதான் வரும்.

96, 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸும் 24 பிட்டும் நம் வேலைக்குத் தாராளம். அந்த அளவில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி பிடிக்கும். எட்டு டிராக் ஒரு மணி நேரம் ஓடினால் 4 ஜிபிக்குச் சற்று மேல். இரவு பத்து மணிக்குத் தொடங்கி அதிகாலை நான்கு வரை ஓடும் கதை 25 ஜிபி. லேப்டாப்பில் எஸ்எஸ்டி இருக்க வேண்டும், அதில் இதற்கு இரு மடங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். அன்றே இன்னொரு வட்டில் நகல் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன்பு அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு ஆஸியோ டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். இது இல்லாமல் எட்டுச் சேனலையும் ஒழுங்காகப் பதிய முடியாது. மென்பொருளுக்கு ரீப்பரைப் பரிந்துரைப்பேன். சாதாரண லேப்டாப்பிலும் இலகுவாக ஓடும், 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஆர்டோர் இருக்கிறது.

ஒலி கணினிக்குள் போய்த் திரும்பிவர எடுக்கும் தாமதம் பற்றி நிறையப் பேசுவார்கள். 48 கிலோஹெர்ட்ஸில், கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவான பஃபரை 256 என்று வைத்தால் ஒரு வழியில் 5.3 மில்லிவிநாடி. காற்றில் ஒலி ஆறடி கடக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும். ஒன்றாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் நேரடியாகக் கேட்டுப் பாடும் குழுவுக்குத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. பஃபரை 1024 என்று உயர்த்திவைத்துக் கணினிக்கு நிம்மதி கொடுங்கள். அண்ணாவிக்கும் குழுவினருக்கும் ஹெட்போன் மாட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. காதை மூடினால் அவர்கள் பாடும் விதமே மாறிவிடும். ஹெட்போன் உங்களுக்கு மட்டும் போதும். பின்னர் ஒரு பகுதியைத் தனியாகச் சேர்த்துப் பதிய நேர்ந்தால், கணினிக்குப் போகாமல் கருவியிலிருந்தே ஒலியைத் தரும் நேரடிக் கண்காணிப்பு வசதி உதவும். அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த்தும் மின்வெட்டும்

மைக் எல்லாம் செருகி, எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு ஹெட்போனில் கேட்டால் 'ம்ம்ம்' என்று ஒரே சீராக ஓர் இரைச்சல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல் அது. புதியவர்கள் உடனே இன்டர்ஃபேஸ் பழுது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் பழுது வீட்டின் எர்த்திலோ, இரண்டு வேறு பிளக்குகளிலிருந்து மின்சாரம் எடுப்பதிலோ இருக்கும்.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. பேட்டரியில் வைத்தே பதிவு செய்யலாம். நிற்காவிட்டால் இன்டர்ஃபேஸ், லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே மூன்று துளை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். கீபோர்டிலிருந்து வரும் கேபிள் மூன்று தொடுமுனை உள்ள டிஆர்எஸ் வகையா என்று பாருங்கள். கீபோர்டின் வெளியீடும், வழியில் சேரும் இரைச்சலை நீக்க உதவும் சமநிலை (பேலன்ஸ்டு) வகையாக இருந்தால்தான் அந்தக் கேபிளின் பயன் கிடைக்கும். இல்லாவிட்டால், கீபோர்டின் ஒலியைச் சமநிலை வகையாக மாற்றித் தரும் ஒரு டிஐ பெட்டியை நடுவில் வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எலக்ட்ரீசியனை அழைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலிலும், கோடையில் காய்ந்துபோகும் நாங்குநேரி, ராதாபுரம் மண்ணிலும் குழி வறண்டால் எர்த் வேலை செய்யாது. தண்ணீர் ஊற்றிய மறுநாளே இரைச்சல் குறைவதுண்டு. எந்த நிலையிலும் பிளக்கின் எர்த் முனையை வெட்டாதீர்கள், அதன்மேல் டேப் சுற்றாதீர்கள். இரைச்சல் போகும், மைக்கைப் பிடித்திருப்பவரின் உயிருக்கு இருக்கும் பாதுகாப்பும் சேர்ந்து போகும்.

மின்சாரம் போனால் லேப்டாப் ஓடும், அடாப்டரில் ஓடும் இன்டர்ஃபேஸ் நின்றுவிடும். அதோடு பதிவும் நிற்கும். இன்டர்ஃபேஸுக்கு மட்டும் ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் சைன் அலை வகையையே வாங்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டர் பதிவில் கரகரப்பைச் சேர்க்கும்.

கொடை நடக்கும் கோயிலிலேயே பதிவு செய்வதானால் இன்டர்ஃபேஸும் லேப்டாப்பும் சரியான கருவிகளே இல்லை. ஜெனரேட்டர், சீரியல் விளக்கு, கூட்டம், திருநீற்றுத் தூசி என்று எல்லாமே எதிராக இருக்கும். ஜூம் எச்6 போன்ற பேட்டரியில் ஓடும் பதிவுக் கருவியில் நான்கு மைக் செருகலாம், மேலுள்ள மைக்கோடு சேர்த்து ஆறு டிராக் நேரே அட்டையில் பதியும். வீட்டுக்கு வந்தால் அதையே இன்டர்ஃபேஸாகவும் பயன்படுத்தலாம். கொடைக்கும் வீட்டுக்கும் ஒரே கருவி வேண்டும், நான்கு மைக் போதும் என்கிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

தென்காசி, குற்றாலம், அம்பாசமுத்திரம் பக்கம் இருப்பவர்கள் சாரல் காலத்தில் கன்டென்சர் மைக்குகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரம் ஏறிய கன்டென்சர் பொரிந்துகொண்டே இருக்கும்.

பழைய கருவி வாங்கும்போது

பயன்படுத்திய கருவி வாங்குவது நல்ல வழிதான். ஃபயர்வயர் வாசல் உள்ளவற்றை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிருங்கள்; இன்றைய லேப்டாப்புகளில் அந்த வாசல் கிடையாது. யுஎஸ்பி கருவி என்றாலும், இன்றைய விண்டோஸுக்கு டிரைவர் வருகிறதா என்பதை உறுதி செய்த பிறகே பணம் கொடுங்கள். குமிழ்களை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கரகரவென்று கேட்டால் உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கிறது. மூல அடாப்டர் கூடவே வருகிறதா என்று பாருங்கள். வோல்ட் மாறிய அடாப்டர் கருவியைக் கெடுத்துவிடும்.

வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் எல்லா வாசலையும் சோதியுங்கள். ஒரே மைக், ஒரே கேபிளை வைத்துக்கொண்டு ஒன்று முதல் எட்டு வரை ஒவ்வொன்றிலும் செருகி, ஒரே தூரத்திலிருந்து ஒரே வாக்கியத்தைப் பேசிப் பதியுங்கள். எட்டும் ஒரே அளவில், ஒரே தரத்தில் கேட்க வேண்டும். ஃபாண்டம் பவரை ஒவ்வொரு தொகுப்பிலும் கன்டென்சரைச் செருகிப் பாருங்கள். பிறகு மைக் எதுவும் இல்லாமலேயே எட்டு டிராக்கையும் ஒரு மணி நேரம் பதியவிட்டு, நடுவில் விடுபட்டிருக்கிறதா, கணினி திணறியதா என்று கவனியுங்கள்.

அது தேறினால் குழுவை அழைக்கலாம். அழைக்கும்போதே பதிவை எங்கே வெளியிடப்போகிறீர்கள், அவர்களுக்கு என்ன கொடுப்பீர்கள் என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். அண்ணாவிகள் பலருக்கும் தங்கள் பாட்டு யாரோ ஒருவரின் பெயரில் சுற்றிக்கொண்டிருக்கும் வருத்தம் இருக்கிறது. அதில் நீங்களும் சேர வேண்டாம்.

அன்று மின்விசிறியை நிறுத்துங்கள். வெறும் சுவர்களில் பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து வையுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். குழுவைக் கோயிலில் உட்காரும் அதே வரிசையில் உட்காரவைத்து, கதையின் உச்சக்கட்டத்தை முதலில் பாடச் சொல்லுங்கள். தொடக்கத்தில் பாடும் வந்தனத்தின் சத்தத்துக்கு ப்ரீஆம்பை அமைத்தால் உச்சக்கட்டத்தில் எல்லாம் சிவப்பாகிவிடும். மிகப் பலமாக ஒலிக்கும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி ஒவ்வொரு குமிழையும் வைத்து, அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பதிவுப் பொத்தானை அழுத்துங்கள்.